இரண்டாவது சீட்டு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதைக் குறையாகச் சொன்னவர்கள் நிறையப் பேர். ஆனால் என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியங்களில் பாதி கோபத்தில் செய்தவைதான். அவற்றில் முதல் காரியம், எழுபதுகளின் பின்பாதியில், எளாவூர் செக்போஸ்ட் ஓரம் ஒரு நண்டுக் கூடைக்கு முன்னால் தொடங்கியது.

அப்போது நான் பொருளாதாரத்தில் பட்டம் வாங்கிவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். தொழிற்சாலைகள் வரப்போகின்றன, நிலம் அளக்கிறார்கள், நம் பிள்ளைகளுக்கு வேலை நிச்சயம் என்று ஊரெல்லாம் பேச்சு. பிள்ளைகள் என்றால் ஆண் பிள்ளைகள். எனக்கு மாப்பிள்ளையைத்தான் நிச்சயம் செய்யப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. கூடவே சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் கொஞ்சம் பேர் வந்து, வாக்காளர்களிடம் கேள்வி கேட்க ஆள் தேடினார்கள். தேர்தலுக்கு முன்னால் ஒரு சுற்று, முடிந்த பிறகு அதே ஆட்களிடம் இன்னொரு சுற்று. யார் மனசு எங்கே மாறியது, ஏன் மாறியது என்று கண்டுபிடிப்பார்களாம். பெண்களிடம் பேசப் பெண் வேண்டும் என்றார்கள். அப்பா வேண்டாம் என்றார். அதனாலேயே சேர்ந்தேன்.

எங்கள் மேற்பார்வையாளர் சென்னைக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. வெயிலில் எங்களோடு நடப்பார், டீ வாங்கிக் கொடுப்பார், என்னைப் போன்ற சின்னப் பெண்ணையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஆனால் முறை, முறை என்று உயிரை எடுப்பார். கேள்வியை அச்சிட்டபடியே கேட்க வேண்டும். தலையாட்டக் கூடாது. சிரிக்கக் கூடாது. முக்கியமாக, யாருடைய மனசையும் நாம் எந்தப் பக்கமும் அசைத்துவிடக் கூடாது. கண்ணாடி போல இருக்க வேண்டும் என்பார். நான் எங்கே கண்ணாடி போல இருப்பது? என் முகத்தைப் பார்த்தாலே நான் என்ன நினைக்கிறேன் என்று தெருநாய்க்குக்கூடத் தெரிந்துவிடும்.

முதல் சுற்று ஆரம்பத்தில் படுத்துவிட்டது. நெருக்கடி நிலை அப்போதுதான் கொஞ்சம் தளர்ந்திருந்தது. கையில் தாளோடு வந்து பேர் கேட்டால் ஜனங்கள் வீட்டுக்குள் போய்விடுவார்கள். எங்கள் படிவத்தில் மூன்றாவது கேள்வியே குழந்தைகள் எத்தனை என்பது. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறாள் என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். கவரைப்பேட்டை அரிசி ஆலையில் வேலை செய்த பெண்கள், யாருக்கு ஓட்டு என்றால் எல்லாரும் நல்லவங்கதாம்மா என்று முறத்தைத் தட்டினார்கள். பெரியபாளையத்தில் பூக்கடை வைத்திருந்த அம்மாள், பவானி அம்மன் யாரைக் காட்டுகிறாளோ அவருக்கு என்று சொல்லி என்னிடம் இரண்டு முழம் பூ விற்றுவிட்டாள்.

அதற்கு மேற்பார்வையாளர் கண்டுபிடித்த வழிதான் பெட்டி. பெரிய பிஸ்கட் டின் ஒன்றின் மூடியில் துளை போட்டு, சின்னப் பூட்டும் மாட்டிக் கொடுத்தார். சின்னங்கள் அச்சிட்ட துண்டுச் சீட்டுகள். யாரும் என்னிடம் வாய் திறக்க வேண்டாம். பிடித்த சின்னத்தில் கோடு போட்டு, மடித்து, டின்னுக்குள் போட்டால் போதும். இது நன்றாக வேலை செய்தது. பயந்தவர்கள்கூடச் சீட்டு வாங்கினார்கள்.

என் பட்டியலில் கடைசியாக இருந்தது பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு மீனவக் குப்பம். எளாவூரிலிருந்து பஸ்ஸில் கிழக்கே போய் ஏரிக்கரை ஊரில் இறங்கி, அங்கிருந்து தோணி. ஆண்களை விசாரிக்க வேண்டியவர் எங்கள் குழுவில் இன்னொருவர். அவர் ஏரித் தண்ணீரைப் பார்த்ததும் தலை சுற்றுகிறது என்று கரையோர டீக்கடையிலேயே உட்கார்ந்து, வந்து போன ஆண்களைப் பிடித்துக் கணக்கை முடித்துக்கொண்டார். நான் மட்டும் டின்னோடு தோணி ஏறினேன். உச்சி வேளை. ஆண்கள் வலைக்குப் போயிருந்தார்கள்.

என் பட்டியலில் இருந்தது சில பெயர்கள்தான். ஆனால் குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். இது நிஜ ஓட்டு இல்லை, உங்கள் கருத்தைக் கேட்கத்தான் என்று அச்சிட்டபடியே வாசித்தேன். யார் காதில் விழுந்தது? அவளுக்கு மட்டும் சீட்டு, எனக்கு இல்லையா என்று சண்டை. கைவசம் சீட்டு நிறைய இருந்தது. எல்லோருக்கும் கொடுத்தேன். ரகசியம், ரகசியம் என்று நான் சொல்லச் சொல்ல, இன்ன சின்னத்துக்குத்தான் என்று தெருவுக்கே காட்டிவிட்டு டின்னில் போட்டார்கள்.

அன்று முதலில் வந்து நின்றவள் ஒரு நண்டுக்காரி. நாற்பது வயது இருக்கும், நல்ல உயரம். கணவன் இறந்த பிறகு, ஏரி நண்டைக் கூடையில் சுமந்து போய் எளாவூர் செக்போஸ்டில் நிற்கும் லாரிக்காரர்களுக்கு விற்றுப் பிழைத்தாள். பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. தாள் வைத்திருக்கும் பெண் யாராக இருந்தாலும் அவளுக்கு டீச்சரம்மாதான். போன தேர்தலில் தனக்கு நடந்ததை அவள் என்னிடம் சொன்னாள். தலைக்குக் குளித்து, இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு ஓட்டுப் போடப் போயிருக்கிறாள். உன் ஓட்டை அப்போதே போட்டாகிவிட்டது, போ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"வெரலக் காட்டினேன் டீச்சரம்மா. மை இல்ல. கழுவிக்கினு வந்திருப்பேன்னு சொல்லிச் சிரிச்சாங்க. அவ்ளோ பேர் முன்னாடி."

அந்த முறை விட்டதை இந்த முறை விடமாட்டேன் என்றாள். சீட்டை இரண்டு கையாலும் பிடித்து டின்னுக்குள் போட்டாள். எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று. சீட்டுகளை அன்று சாயங்காலமே பிரித்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டோம்.

வாக்குப்பதிவு நாளன்று கும்மிடிப்பூண்டியில் என் முதல் ஓட்டைப் போட்டுவிட்டு எளாவூருக்குப் போனேன். எங்களுக்கு அங்கே ஒரு வாடகை அறை இருந்தது. இரண்டாம் சுற்றுப் படிவங்களை அன்று கொடுப்பதாக மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அறைக்கு எதிரே, லாரிகளுக்கு நடுவில், நண்டுக்காரி வழக்கம்போலக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் விரலை நீட்டிக் காட்டி, நீங்க போட்டாச்சாக்கா என்று கேட்டேன்.

"இன்னாம்மா இப்டிக் கேக்கற? அதான் அன்னிக்கே உன் பொட்டில போட்டுட்டேனே."

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். குப்பத்துப் பெண்கள் எல்லோருமே அன்றே போட்டுவிட்டார்கள், ஆண்கள் மட்டும் காலையில் ஏரிக்கரை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள் என்றாள். இந்த முறை பெண்களுக்கு அரசாங்கமே வாசலுக்குப் பெட்டி அனுப்பிவிட்டது, அதுவும் ஒரு பொம்பளை ஆபீசர் கையில் கொடுத்து அனுப்பியது என்று ஊர்த் தலைவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

நான் உண்மையைச் சொன்னேன். அவள் முகம் கறுத்தது. கையில் இருந்த நண்டு நழுவிக் கூடைக்குள் விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

மேற்பார்வையாளர் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் போய், உடனே குப்பத்துக்குப் போக வேண்டும், ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது என்றேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். வாக்குப்பதிவு நாளில் நாம் பேட்டி எடுத்தவர்கள் பக்கமே போகக் கூடாது. போனால் அந்த ஊரின் படிவங்கள் அத்தனையும் ஆராய்ச்சிக்கு உதவாது. என்னையும் இரண்டாம் சுற்றுக்கு அனுப்ப முடியாது என்று பொறுமையாக விளக்கினார்.

"அவங்க வோட் பண்ணலைன்னா, பண்ணலைன்னு எழுதிக்குங்க. அதுவும் நமக்கு ஒரு டேட்டாதானே?"

"அவங்க ஓட்டு சார் அது" என்றேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்திருக்க வேண்டும். இரண்டு லாரி டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அறைக்குள் போய், மேஜைக்கு அடியில் கிடந்த காலி டின்னை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதை ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. கோபத்தில் கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது.

நண்டுக்காரி கூடையை டீக்கடையில் ஒப்படைத்துவிட்டு என்னோடு பஸ் ஏறினாள். பாதி வழி வரை என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு கேட்டாள், சீட்டு இருந்தது, சின்னம் இருந்தது, பூட்டுப் போட்ட பெட்டி இருந்தது, ஓட்டுக்கு அதற்கு மேல் என்னதான் வேண்டும் என்று. நிஜமாகவே வேறு என்ன வேண்டும்? அவளே மேலே சொன்னாள். அவர்கள் ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒரு வலைக்காரன் ஒரு சீட்டுத்தான் பானையில் போடலாம். போட்டால் போட்டதுதான், மறு பேச்சு கிடையாது. திருட்டுத்தனமாக இரண்டாவது சீட்டுப் போட்டவனின் வலையைக் கரையேற்றிவிடுவார்கள். அந்தப் பருவம் முழுக்க அவன் ஏரியில் இறங்க முடியாது. பெண்கள் அந்தப் பானைக்கு அருகில்கூடப் போனதில்லையாம். என் டின்னில் போட்டதுதான் அவர்கள் கையால் போட்ட முதல் சீட்டு.

இதைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது. குப்பத்தில் இறங்கியபோது நினைத்தபடியே நடந்தது. நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பெண்கள் பின்வாங்கினார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். மரியாதையாக மறுத்தார்கள். ஒருமுறை போட்டாயிற்று, இன்னொரு சீட்டுப் போடுவது திருட்டு, அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். அரசாங்கப் பெட்டி வேறு, இந்தப் பெட்டி வேறு என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஊர்த் தலைவருக்கு அதைவிடச் சங்கடம். காலையெல்லாம் பெருமை அடித்துக்கொண்ட மனுஷன், மை வைத்த விரலை மடித்துக்கொண்டு ஏரியைப் பார்த்தபடி நின்றார். அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாமே என்று மெல்லச் சொன்னார்.

அடுத்த தேர்தல் என்ற வார்த்தை நண்டுக்காரியை என்ன செய்ததோ. என் இடுப்பிலிருந்த டின்னைப் பிடுங்கினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. கல்லால் ஒரே போடு போட்டாள். மூடி கழன்றது. டின்னைத் தலைவரின் காலடியில், மணலில், தலைகீழாகக் கவிழ்த்தாள். அதிலிருந்து பழைய பிஸ்கட் தூள்தான் கொஞ்சம் கொட்டியது.

"தலைவரே, சீட்டு எடுக்கறதுக்கு முன்ன பானை கவுந்துட்டா அந்தப் பாடு செல்லுமா, செல்லாதா?"

தலைவர் டின்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். செல்லாது என்றார்.

"அப்போ இன்னா செய்வீங்க?"

"எல்லாரும் இன்னொரு தபா போடணும்."

"அவ்ளோதான். பானை கவுந்துடுச்சி. தோணிய எடுக்கச் சொல்லு."

எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பட்டம் வாங்கிய நான் அரை மணி நேரம் கத்தியும் நகராத ஊர், இந்த ஒரு கவிழ்ப்பில் எழுந்து நின்றுவிட்டது. பெண்கள் புடவை மாற்ற ஓடினார்கள். கைக்குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டார்கள். தலைவரே கழியைத் தூக்கிக்கொண்டு முதல் தோணியில் ஏறினார். அடித்துக்கொண்ட பெருமைக்குப் பரிகாரம் போலிருக்கிறது.

கோடை தொடங்கிவிட்டதால் ஏரியில் தண்ணீர் குறைவு. பாதி வழியில் தோணிகள் சேற்றில் தட்டி நின்றன. ஆண்கள் கழி ஊன்றிப் பார்த்தார்கள், அசையவில்லை. பெண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தண்ணீரில் குதித்தார்கள். மாற்றிக் கட்டிய நல்ல புடவையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு தள்ளினார்கள். நானும் குதித்தேன். சேறு கணுக்காலைப் பிடித்து இழுத்தது. ஒருத்தி பெயரைச் சொல்லி ஒருத்தி கிண்டல் செய்துகொண்டு, சிரித்துச் சிரித்தே தள்ளினார்கள். நண்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தவள், யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்.

"இவுங்க ஓட்டெல்லாம் இருக்கும் டீச்சரம்மா. என் ஓட்டு இருக்குமா?"

நான் இருக்கும் என்றேன். எனக்கு என்ன தெரியும்? பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் யாரும் வராத வாக்குச்சாவடியில் அவர்கள் பெயரில் வேறு யாராவது ஓட்டுப் போட ஒரு பகல் முழுக்க நேரம் இருந்திருக்கிறது. போன முறை சிரித்தவர்கள் இந்த முறையும் சிரித்தால் அவள் மறுபடி எந்தத் தேர்தலுக்கும் வரமாட்டாள். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பள்ளிக்கூட வாசலில் இருந்த போலீஸ்காரர் கதவைச் சாத்தத் தயாராக நின்றார். ஈரப் புடவையோடும் சேற்றுக் காலோடும் ஒரு கூட்டம் ஓடி வருவதைப் பார்த்துக் கலவரம் என்று நினைத்தாரோ என்னவோ, லத்தியைக் கையில் எடுத்தார். தலைவர் கையை உயர்த்தி, ஓட்டுப் போட வந்த ஜனங்கள் என்று கத்தினார். மணி அடிப்பதற்குள் உள்ளே வந்துவிட்டவர்கள் எல்லோரும் போடலாம் என்று அதிகாரி வெளியே வந்து சொன்னார். எல்லோரையும் உள்ளே தள்ளிவிட்டு நான் வாசலிலேயே நின்றேன். அந்த ஊரில் எனக்கு ஓட்டு இல்லை.

வரிசையில் முதலில் நின்றவள் அவள்தான். திறந்த ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. அவள் பெயரைச் சொன்னாள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் அடிக்கோலைத் தாளில் வைத்து மேலிருந்து கீழே இறக்கினார். ஓர் இடத்தில் அடிக்கோல் நின்றது. அவர் குனிந்து பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவள் யாரும் கேட்பதற்கு முன்னாலேயே விரலை நீட்டி மேஜைமேல் வைத்தாள், பாருங்கள், ஒன்றும் இல்லை என்பதுபோல. என் கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. இன்றைக்கு மட்டும் யாராவது சிரிக்கட்டும், பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் பென்சிலை எடுத்து அவள் பெயருக்கு அடியில் ஒரு கோடு இழுத்தார். அடுத்த மேஜைக்காரர் மை தொட்ட குச்சியை எடுத்தார்.

அவள் வெளியே வந்தபோது விரலை மார்புக்கு நேராக நிமிர்த்திப் பிடித்திருந்தாள். போலீஸ்காரர் முன்னால் நின்று, அவர் கேட்காமலே அதைக் காட்டினாள். பிறகு என்னிடம் வந்து காட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை. அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. என் சொந்த ஓட்டைக் காலையில் போட்டபோதுகூட இதில் கால்வாசி இல்லை. விளக்கேற்றும் நேரம் வரை வரிசை நகர்ந்தது. வந்த பெண்களில் ஒருத்திகூட மை இல்லாமல் திரும்பவில்லை.

மேற்பார்வையாளர் என்னை வேலையிலிருந்து நிறுத்துவார் என்றுதான் எதிர்பார்த்தேன். முடிவுகள் வந்து ஊரெல்லாம் அதையே பேசிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் கூப்பிட்டு அனுப்பினார். அந்தக் குப்பத்தின் படிவங்களைத் தனிக் கட்டாக வைக்கப்போவதாகவும், இரண்டாம் சுற்றுக்கு அங்கே தானும் கூட வருவதாகவும் சொன்னார். நான் பக்கத்தில் நின்று எதையும் சொல்லிக்கொடுக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் வருகிறார் என்று புரிந்தது. வரட்டுமே. தோணியில் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடியே வந்தார். அதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கேள்விகளை அவரே கேட்டார். ஓட்டுப் போட்டீர்களா என்றதற்கு ஒவ்வொருத்தியும் நகத்தில் இன்னும் அழியாத மையைக் காட்டினாள். யாருக்குப் போட்டீர்கள் என்றதற்கு ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்து போனாள். ஒருத்தி குழந்தைக்குத் தலை சீவ ஆரம்பித்தாள். போன முறை சின்னத்தைத் தெருவுக்கே காட்டிய அதே பெண்கள்! அவருக்கு ஒன்றும் புரியவில்லை. முதல் சுற்றில் வாய் ஓயாமல் பேசிய ஊர் என்று அவர் குறிப்பில் எழுதியிருந்ததாம்.

கடைசியில் நண்டுக்காரியிடம் வந்தோம். கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவள் எல்லாக் கேள்விக்கும் மளமளவென்று பதில் சொன்னாள். அந்தக் கேள்வி வந்ததும் நிறுத்தினாள். அவர் குரலைத் தாழ்த்தி, பயப்பட வேண்டாம், நீங்கள் சொல்வதை நாங்கள் ரகசியமாக வைத்துக்கொள்வோம் என்று உறுதி கொடுத்தார்.

"நானும் ரகசியமாத்தான் நைனா வெச்சிக்கினு கீறேன்" என்றாள்.

அவர் பேனாவை மூடிப் படிவத்தை என் பக்கம் தள்ளினார். பதில் சொல்ல மறுத்தார் என்ற கட்டத்தில், தாள் கிழிகிற மாதிரி அழுத்தி ஒரு டிக் போட்டேன்.